விளக்கு எரிந்தது, வீடு இருண்டது

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் புரட்டுவோர்க்கு ஒரு வகை வழக்கு மீண்டும் மீண்டும் கண்ணில் படும். வேட்டைக்குப் போகிறான் ஒருவன். விலங்கென்று எண்ணி எய்கிறான். அம்பு மனிதன்மீது தைக்கிறது, மனிதன் மாள்கிறான். முன்பகை இல்லை, கொலை நோக்கம் இல்லை. கண் பிழைத்தது, கை பிழைத்தது, அவ்வளவே. நாட்டார் கூடுகின்றனர், வழக்கை ஆய்கின்றனர், இவன் சாகத்தக்கவன் அல்லன் என்று முடிவு கட்டுகின்றனர். பாராட்டத்தக்க முடிவுதான்! தெரியாமல் நேர்ந்த சாவுக்குத் தெரிந்தே ஒரு சாவைச் சேர்க்காத தெளிவு அவர்களிடம் இருந்திருக்கிறது. ஆனால், அடுத்த வரியைப் படிக்கும்போதுதான் நெஞ்சு திடுக்கிடுகிறது. எய்தவன் செய்யவேண்டிய கழுவாய் என்ன தெரியுமா? கோயிலிலே ஒரு நந்தா விளக்கு எரிக்க வேண்டும்! அதற்காக ஆடுகளையோ மாடுகளையோ கோயிலுக்கு ஒப்படைக்க வேண்டும்!

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்பது கணக்கு. 'சாவா மூவாப் பேராடு' என்று அவற்றுக்குப் பெயர். ஓர் ஆடு செத்தாலும் கிழடானாலும் இடையன் வேறோர் ஆட்டைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். நெய் நாள்தோறும் அளந்தாக வேண்டும். ஆட்டுக்குச் சாவில்லை, மூப்பில்லை! செத்தவனின் மனைவிக்கு? அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு? அடுப்பிலே பூனை உறங்கியதா, அண்டை வீட்டில் அவள் நெல் குத்தினாளா? விளக்குக்கு நெய்க்கணக்கு எழுதிய கல், வீட்டுக்குச் சோற்றுக்கணக்கு எழுதுவது அரிது. கோயிலிலே விளக்கு எரிந்தது. குடிசையிலே இருள் சூழ்ந்தது.

ஈடு செய்வது என்ற எண்ணமே அன்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. போரில் மாண்ட வீரனின் குடும்பத்துக்கு 'உதிரப்பட்டி' என்று நிலம் கொடுத்த செய்தி கல்வெட்டுகளில் உண்டு. சிந்திய உதிரத்துக்கு ஈடாக விளைநிலம்! மன்னனுக்காகச் சிந்திய குருதிக்கு நிலம் கிடைத்தது. மற்றவன் அம்பால் சிந்திய குருதிக்கு மாடத்து விளக்கு கிடைத்தது. அறியாமையால் நேர்ந்த குறை அன்று இது. யாருடைய குருதிக்கு மதிப்பு என்பதிலே நேர்ந்த குறை.

தமிழகத்தில் மட்டுந்தான் இப்படி என்று எண்ணித் தலைகுனிய வேண்டா, தோழர்களே! ஆங்கில நாட்டிலே பல நூற்றாண்டுகளாக 'டியோடாண்ட்' என்றொரு வழக்கம் இருந்தது. இலத்தீன் சொல். 'கடவுளுக்குக் கொடுக்கப்பட வேண்டியது' என்று பொருள். வண்டி கவிழ்ந்து ஒருவன் மாண்டால், அந்த வண்டி குற்றவாளி! மாடு முட்டி மாண்டால், அந்த மாடு குற்றவாளி! அப்பொருளையோ அதன் மதிப்பையோ அரசர் கைப்பற்றுவார்; அறத்துக்கும் ஆண்டவனுக்கும் செலவிடப்படுவதாகப் பேச்சு. காலப்போக்கில் பேச்சும் போயிற்று. அரசரின் கருவூலமோ, அரசரிடம் அந்த உரிமையைப் பெற்ற நிலப்பிரபுவோ அதை விழுங்கினர். கணவனைப் பறிகொடுத்தவள் கையில் ஒரு காசும் விழவில்லை. இங்கே நந்தா விளக்கு, அங்கே டியோடாண்ட். மொழி வேறு, மதம் வேறு, கடல் நடுவே. ஆயினும் செத்தவன் பேரால் பெற்றுக்கொள்ள முன்வந்தவர் ஒருவரே!

சாமானியன் சட்டத்தின் கதவைத் தட்டினால் என்ன ஆகும்? 1808ஆம் ஆண்டில் ஒருவன் தட்டிப் பார்த்தான். அவனும் அவன் மனைவியும் சென்ற குதிரைக் கோச்சு வண்டி கவிழ்ந்தது. மனைவி படுகாயமுற்றாள், ஏறத்தாழ ஒரு திங்கள் கழித்து இறந்தாள். வண்டி உடைமையாளர்மீது வழக்குத் தொடுத்தான் கணவன். தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு கூறியது இது: மனைவி உயிரோடு துன்புற்ற அந்தத் திங்களுக்கு ஈடு கேட்கலாம், அவள் இறந்ததற்குக் கேட்க முடியாது, உரிமையியல் மன்றத்திலே ஒரு மனித உயிரின் சாவு வழக்குக்குரிய தீங்கே ஆகாது! இந்த விதியின் விளைவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலை ஒடித்தால் பணம் கொடுக்க வேண்டும். ஆளையே கொன்றுவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. அரைகுறையாய் அடித்தவனுக்கு நட்டம். முழுதாய் முடித்தவனுக்கு மிச்சம்!

புகைவண்டி வந்ததுதான் இந்தக் கோணல் நீதியைக் குலுக்கியது. 1841 டிசம்பர் 24, கிறித்துமசுக்கு முந்திய நாள் விடியலிலே, இங்கிலாந்தில் சானிங் என்னுமிடத்தில் மேட்டை வெட்டி அமைத்த பாதையில் மண் சரிந்து கிடந்தது. வந்த புகைவண்டி அதில் மோதிற்று. மாண்டவர் யார்? மூடிய பெட்டியில் மெத்தையில் சாய்ந்திருந்த முதல் வகுப்பார் அல்லர். கூரையில்லாத திறந்த பெட்டிகளில் எஞ்சினுக்கு அடுத்தாற்போல் அடைக்கப்பட்டிருந்த மூன்றாம் வகுப்பு ஏழைகள்! பிணவிசாரணை செய்த நடுவர்கள் கொதித்தனர். எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் ஆயிரம் பவுன் டியோடாண்ட் விதித்தனர். அந்த ஆயிரத்திலும் இறந்தோர் குடும்பத்துக்குச் சட்டப்படி பங்கு கிடையாது. ஆனால், புகைவண்டிக் கம்பெனிகள் திடுக்கிட்டன. பழைய மாட்டுவண்டிக் காலத்துத் தண்டம் இப்போது தங்கள் தலையில் இறங்குகிறதே என்ற அச்சம் அவர்களுக்கு. ஏழைகளுக்கு ஈடே இல்லையே என்ற வருத்தம் வேறு சிலருக்கு. அச்சமும் வருத்தமும் ஒரே ஆண்டில் சட்டமாயின. 1846இல் டியோடாண்ட் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் கேம்பெல் பிரபு கொணர்ந்த உயிரிழப்பு விபத்துச் சட்டம், மாண்டவனின் மனைவியும் மக்களும் பெற்றோரும் இழப்பீடு கேட்கலாம் என்றது. கடவுளின் கைக்குப் போய்க்கொண்டிருந்த பணம், சட்டத்தின் கையால் கைம்பெண்ணை நோக்கித் திரும்பியது. சமய வரலாற்றிலே இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படுவதில்லை, ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1855இல், கம்பெனி ஆட்சி அதே சட்டத்தை இந்தியாவிலும் இயற்றியது. பம்பாயில் 1853இல் புகைவண்டி ஓடத் தொடங்கியிருந்தது. சென்னை இராயபுரத்திலிருந்து 1856இல் ஓடியது. இருப்புப் பாதையின் பின்னாலேயே இழப்பீட்டுச் சட்டமும் கப்பலேறி வந்தது. ஆனால், ஏட்டிலே வந்தது வேறு, வீட்டுக்கு வந்தது வேறு. உரிமையியல் மன்றத்தில் வழக்குத் தொடுக்க முத்திரைக் கட்டணம் கட்டவேண்டும். கேட்கும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். சோற்றுக்கே வழியில்லாதவள், சோறு கேட்பதற்கு முதலில் பணம் கட்டவேண்டும்!

அரசாங்கமே மோதினால் என்ன வழி? இந்தக் கேள்விக்கு விடை கண்டது ஒரு குதிரையின் வழக்கு என்றால் நம்புவீர்களா? கல்கத்தாவில், கிதர்ப்பூர் கப்பல் துறையின் வேலையாட்கள் கனத்த இரும்புத் துண்டொன்றைத் தூக்கிச் சென்றபோது, அது விழுந்த ஓசையில் வெருண்ட வண்டிக் குதிரை காயமுற்றது. குதிரைக்கு உரியது வெள்ளையர் கப்பல் கம்பெனி. கேட்ட ஈடு 350 ரூபாய். 1861இல் தீர்ப்புரைத்த தலைமை நீதிபதி பார்ன்சு பீகாக், அரசு ஆள்வதற்கென்றே செய்யும் செயலுக்குப் பொறுப்பில்லை, எவரும் செய்யக்கூடிய தொழிலைச் செய்யும்போது பொறுப்புண்டு என்று ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோடு நூறாண்டுகள் நின்றது. 1952இல் உதயபூரில், கலெக்டருக்கான அரசு ஜீப்பு பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து திரும்பியபோது நடைபாதையில் சென்றவர்மீது மோதியது; மூன்றாம் நாள் அவர் இறந்தார். கைம்பெண்ணும், சிறு மகளும், தாயும் வழக்காடினர். அரசு என்ன வாதாடியது? பழைய மன்னராட்சி மரபைக் காட்டி, அரசின்மீது வழக்குச் செல்லாது என்றது. 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடியாட்சி நிறுவிய பின்னர் மன்னரின் மாசற்ற தன்மையை அமைச்சர்கள் சுமந்து திரிவதற்கு நியாயமில்லை என்ற கருத்துப்பட உரைத்து, 15,000 ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. வண்டி மோதியது 1952இல். வழக்கு முடிந்தது 1962இல். அந்தக் குழந்தை பத்தாண்டு வளர்ந்துவிட்டது.

நான் முந்திவிட்டேன், மோட்டாருக்கு வருகிறேன். இலண்டனில் கிரிசுடல் பேலசு என்ற கண்காட்சி மாளிகையின் திடலில் 1896 ஆகஸ்டு 17ஆம் நாள் மோட்டார் வண்டி மோதி நடந்துசென்ற பெண்மணி ஒருத்தி இறந்தாள். பெட்ரோல் வண்டியால் பிரிட்டனில் நடந்துசெல்வோர் மாண்ட முதல் நிகழ்ச்சி என அதைக் கூறுவர். 'தற்செயலான சாவு' என்று தீர்ப்பு. அதே ஆண்டு நவம்பரில் மோட்டாரின் வேக வரம்பை மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்தினர்! புதியது வந்தால் முதலில் வேகம் வருகிறது. பொறுப்பு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது.

இந்தியாவில் 1914ஆம் ஆண்டுச் சட்டம் பதிவும் உரிமமும் பற்றிப் பேசிற்று. உயிரின் மதிப்பைப் பற்றிப் பேசியது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். இங்கிலாந்து 1930இல் கொணர்ந்த ஏற்பாடு இதற்கு முன்மாதிரி. சாலையில் வண்டி விடுபவன் எவனும், தன் வண்டியால் பிறர்க்கு நேரும் கேட்டுக்கு முன்னரே காப்பீடு செய்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரும்பெரும் எண்ணம்! ஏனெனில், வழக்கில் வென்ற ஏழைக்கு அதுவரை கிடைத்தது பெரும்பாலும் காகிதந்தான். ஓட்டுநரிடம் ஒன்றுமில்லை, உடைமையாளரோ வண்டியை மைத்துனன் பேருக்கு மாற்றிவிட்டுக் கையை விரிப்பார். காப்பீடு வந்தால் கொடுக்க ஓர் ஆள் இருப்பான். ஆனால், 1939இல் எழுதிய இந்த இயல் நடைமுறைக்கு வந்தது 1946 சூலை முதல் நாளில்! அதிலும் ஒரு வரம்பு வைத்தனர். ஆறு பேருக்கு மேற்படாமல் ஏற்றும் வாடகைக் காரில் பயணி மாண்டால் காப்பீட்டுக் கம்பெனியின் பொறுப்பு 4,000 ரூபாய் வரை. அதைவிடப் பெரிய வண்டியில், அதாவது பேருந்தில், மாண்டால் 2,000 ரூபாய் வரை. காரிலே போகிறவனின் உயிர் நாலாயிரம். பேருந்தில் நெரிபட்டு நிற்பவனின் உயிர் இரண்டாயிரம்! வருணத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து துரத்திவிட்டோம் என்று மகிழ்ந்தவர்கள், அது பயணச்சீட்டின் வடிவில் திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை. 1969இல் திருத்தினர், பத்தாயிரம், ஐயாயிரம் என்றாயிற்று. தொகை ஏறியது, இரட்டை மதிப்பு அப்படியே இருந்தது. சாவுக்கும் காயத்துக்கும் இந்த வரம்பு நீங்கியது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில். அது 1989 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இடையில் 1956இல் நிறைவேறிய திருத்தம் ஒன்று ஓசையின்றிப் பெரும்பணி செய்தது. விபத்து வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயம் அமைக்க அது வழி வகுத்தது. 1957 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தொகைக்கேற்ற முத்திரைக் கட்டணம் தேவையில்லை, எளிய விசாரணை போதும் என்பது நோக்கம். எல்லா மாநிலங்களும் அந்த நோக்கத்தைப் போற்றினவா? இல்லை. அரியானாவில் அரசுப் பேருந்து மோதிக் குடும்பத் தலைவனை இழந்த தாயும் மகளும், கட்டணம் கட்ட வகையற்றவர்கள் என்று முறையிட்டபோது, அந்த ஏழைமைச் சலுகை தீர்ப்பாயத்துக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடியது ஒரு மாநில அரசு! 1979இல் நீதிபதி வி. ஆர். கிருட்டிணய்யர் அந்த அரசைச் சாடிய சாடல் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்பட வேண்டியது. இடதுசாரி அமைச்சராகக் கேரளத்தில் இருந்தவர். ஏழையின் கையில் காசில்லை என்பதற்காக நீதியின் வாயிலை அடைப்பதா என்று கேட்டார்.

அடுத்த ஆண்டே தமிழ்நாட்டு வழக்கொன்று அவர் முன் வந்தது. இரவு நேரம், பேருந்து ஒன்று தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 26 பேர் தாக்குண்டனர். எண்மர் அங்கேயே மாண்டனர். குற்றவியல் மன்றம் ஓட்டுநரை விடுவித்துவிட்டது. 'ஓட்டுநர் குற்றமற்றவர் எனும்போது நாங்கள் ஏன் பணம் தரவேண்டும்?' என்றனர் உடைமையாளர். சிறைக்கு அனுப்பத் தேவையான குற்றம் வேறு, ஈடு தரத் தேவையான கவனக்குறைவு வேறு என்று விளக்கி அந்த வாதத்தைத் தள்ளினார் நீதிபதி.

இந்த வேறுபாட்டை நம் மக்கள் மனத்தில் பதிய வைப்பது அவ்வளவு எளிதன்று. ஏனெனில், நாம் வளர்ந்தது மனுநீதிச் சோழன் கதை கேட்டு! திருவாரூரில் கல்தேர் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலே சோழனுக்குச் சிலை நிற்கிறது. தேர்ச்சக்கரத்தில் கன்று சிக்கி மாண்டது, பசு மணியடித்தது, மன்னன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். நேர்மையின் உச்சம் என்கிறோம். இக்கதையை வகுப்பில் நடத்தி முடித்தபோது பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அய்யா, கடைசியிலே பசுவுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டாள். பாடநூலில் விடை இல்லை. பெரியபுராணத்தில் சிவபெருமான் தோன்றி, கன்றையும் இளவரசனையும் உயிர்விட்ட அமைச்சனையும் எழுப்பித் தந்ததாகச் சேக்கிழார் பாடினார். அந்த வசதி தீர்ப்பாயங்களுக்கு இல்லை. பழிக்குப் பழி கொடுத்த மன்னன், பாலுக்கு வழி சொல்லவில்லை. இன்றும் விபத்து நடந்த இடத்தில் ஓட்டுநரை அடித்து நொறுக்குகிறார்கள், வண்டியைக் கொளுத்துகிறார்கள். அடித்தவர்கள் கலைந்த பிறகு, வண்டி எண்ணைக் குறித்துவைத்தவர் யார் என்று தேடினால் ஒருவரும் இல்லை.

மறுபுறத்தில் நிற்கிறது விதி! 'அவன் தலையெழுத்து', 'எமன் லாரி உருவில் வந்தான்', 'நேரம் சரியில்லை'. இழவு வீட்டிலே இந்தச் சொற்கள் ஆறுதல்தானே என்று கேட்பர். ஆறுதலாய்த் தொடங்குகிறது, அடங்கிப்போவதில் முடிகிறது. ஐயாயிரத்தை உறையிலிட்டுக் கொண்டுவரும் லாரி உடைமையாளரின் தரகன் முதலில் உச்சரிப்பது விதியின் பெயரைத்தான்! விதி செய்த கொலைக்கு யாரிடம் ஈடு கேட்பது? 'இருப்பதைப் பெற்றுக்கொண்டு கையொப்பம் இடம்மா' என்கிறான். பிரேக்கு தேய்ந்திருந்ததும், ஓட்டுநர் பதினெட்டு மணி நேரம் உறங்காததும், வளைவில் விளக்கில்லாததும் பிரமன் எழுதியவை அல்ல.

குற்றத்தை மெய்ப்பித்தால்தான் ஈடு என்பதும் நெடுங்காலம் கல்லாய்க் கிடந்தது. 1977இல் கூட உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. நள்ளிரவில், சான்று சொல்ல ஆளில்லாச் சாலையில், மாண்டவனா எழுந்து வந்து மெய்ப்பிப்பான்? 1982ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் ஓர் உடைப்பை ஏற்படுத்தியது. யார் பிழை என்று பாராமலே, சாவுக்கு 15,000 ரூபாய், நிலையான ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988இல் 25,000, 1994இல் 50,000. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சாவுக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு 2½ இலட்சம் என்றாகி 2022 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

பிழையை மெய்ப்பித்துக் கேட்போர்க்கு வேறு கணக்கு. 2009இலும் 2017இலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை அது, தெரிந்துகொள்வோர் ஏமாறமாட்டார். 32 வயதுக் கொத்தனார். மாதம் 12,000 ரூபாய் ஈட்டினார். அவரை நம்பி நால்வர். நாற்பது வயதுக்குட்பட்ட சொந்தத் தொழிலாளிக்கு வருங்கால உயர்வாக நூற்றுக்கு 40 சேர்ப்பர், 16,800 ஆகும். ஆண்டுக்கு 2,01,600. அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக் கூடியதென நாலில் ஒரு பங்கைக் கழிப்பர், எஞ்சுவது 1,51,200. வயதுக்குரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 24,19,200 ரூபாய்! அடக்கச் செலவும், துணையை இழந்ததற்கான தொகையும் இதற்கு மேல். ஐயாயிரம் உறையோடு வந்தவனின் முகத்தை இப்போது நினைத்துக் கொள்ளுங்கள்.

கொத்தனாரின் மனைவி அதே வண்டியில் மாண்டிருந்தால்? இங்கேதான் சட்டத்தின் உள்ளம் வெளிப்பட்டது. 1994இல் சேர்த்த அட்டவணையிலே, வருமானமில்லாத மனைவியின் மதிப்பு கணவன் வருமானத்தில் மூன்றிலொரு பங்கு! வைகறையில் எழுந்தாள், வாசல் தெளித்தாள், நீர் சுமந்தாள், சோறாக்கினாள், மாமியாருக்கு மருந்து கொடுத்தாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாள், எல்லாரும் உறங்கிய பின் உறங்கினாள். 'வருமானம் இல்லாதவர்' என்று எழுதியது அட்டவணை! 2001இல் உச்ச நீதிமன்றம் தீ விபத்து வழக்கொன்றில் இல்லத்தரசியின் பணிக்கு மாதம் 3,000 ரூபாய் எனக் கணக்கிட்டது. 2010இல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், சிறைப்பட்டோர் ஆகியோருடன் ஒரே பட்டியலில் அடைத்ததைக் கண்டித்தது. 2021இல் நீதிபதி என். வி. இரமணா எழுதிய தீர்ப்பு, 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டியது: ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைக்கிறாள்; ஆணோ 97 நிமிடம். பெரியாரின் மேடைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக முழங்கிய கேள்வி, பேருந்துச் சக்கரத்தின் வழியாக உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்கிறது!

மனைவி என்ற தகுதியே ஐயத்துக்கு உள்ளாகிய காலமும் நம்முடையதுதான். புரோகிதரின்றி, தீவலமின்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாவென்று உயர் நீதிமன்றம் 1953இல் கூறியிருந்தது. அத்தகைய திருமணம் செய்த தோழர் சாலையில் மாண்டால், 'நீ மனைவியே அல்லள்' என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்க அந்தத் தீர்ப்பு இடம் தந்தது. 1967இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு சட்டமியற்றி, முன்னர் நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து அவற்றைச் செல்லத்தக்கனவாக்கியது. அந்தச் சட்டத்தை மணமேடையின் வெற்றியாகவே பேசுகிறோம். கணவனை இழந்து மன்றத்தின் முன் நின்ற பெண்ணுக்கும் அது கிடைத்த கேடயம்.

புகழ்ந்துவிட்டு, குறையை மறைத்தல் நன்றன்று. 1972இல் பல்லவன் முதலான அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தமிழகத்தில் தோன்றின, ஊர்தோறும் பேருந்து சென்றது, பெருமைதான். அரசுக் கழகங்கள் காப்பீடு செய்யாமல் தாமே நிதி வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. விளைவு? தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே சென்று அரசுப் பேருந்தை ஜப்தி செய்யும் காட்சி நம் மாவட்டத் தலைநகர்களுக்குப் பழகிப்போயிற்று. பயணிகள் இறக்கப்படுகின்றனர்; மக்களின் பேருந்து மன்றத்தின் வாயிலில் நிற்கிறது; மக்களில் ஒருத்திக்கு மக்களின் அரசு கடன்பட்டிருக்கிறது! இதே அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் கண்டு, விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை இலவசமாக்கியது. உயிரைக் காப்பதிலே காட்டும் விரைவு, உயிர் போனபின் கொடுப்பதிலே இல்லாமற் போனால் எப்படி?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இத்தனை வீடுகளுக்கும் ஆறு திங்கள் கெடு வைத்திருக்கிறது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். காலக்கெடுவே வேண்டாமென்று 1994இல் நீக்கியதை மீண்டும் கொணர்ந்து, விபத்து நடந்த ஆறு திங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்றது. இடுப்பெலும்பு முறிந்தவன் கட்டிலைவிட்டு இறங்குவதற்குள் ஆறு திங்கள் ஓடிவிடும். இக்கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. அதுவரை, தாம் குடியிருக்கும் ஊரின் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம் என்பதையும், காவல்துறை அனுப்பும் விபத்து அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவாகக் கொள்ள முடியும் என்பதையும் அண்டை வீட்டாருக்குச் சொல்லி வைப்போம். பெற்ற தொகையைப் பறித்துக்கொள்ள உறவினரும் தரகரும் வட்டமிடுவர் என்பதை அறிந்தே, சிறாருக்கும் எழுத்தறியாதோர்க்கும் உரிய பங்கை வங்கியில் நிலைவைப்பாக இடச்சொல்லி உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. தீர்ப்பு நாளில் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் மறைந்துவிட்டால்? 1982இல் அதற்கும் ஒரு வழி செய்தனர். சாவுக்கு 5,000 ரூபாய். பின்னர் 8,500, பின்னர் 25,000, 2022 முதல் 2 இலட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. இதற்குத் தீர்ப்பாயம் செல்ல வேண்டியதில்லை. வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஆணையிடுபவர் மாவட்ட ஆட்சியர். சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் நாம் நடையாய் நடக்கும் அதே துறைதான். அங்கே இப்படியொரு மனு கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது, பிணக்கூறு ஆய்வுச் சான்றைப் பெட்டியின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு தாய், "அதற்கு எவ்வளவு கட்டவேண்டும்?" என்று கேட்டாள்.